சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை

மே 6

ஊசிக்கு,

பட்டாணி பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னாராம். மெனக்கெட்டு வந்து கூட்டிப் போனதற்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். பஸ்ஸில் வாந்தி எடுத்தாளா? எடுத்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அடக்கிக்கொள்வாள்.

இங்கே அலமாரிக் கண்ணாடி உடைந்துபோயிற்று. சில்லு எங்கெங்கேயோ தெறித்துக் கிடக்கிறது. குழந்தை காலில் குத்திவிடும் என்றுதான் விடுமுறைக்கு உன்னிடம் அனுப்பினேன், வேறு ஒன்றுமில்லை. பள்ளி திறப்பதற்கு முன்னால் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

எனக்கு எழுதுவதாக இருந்தால் கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வரும் கடிதத்தை உன் அண்ணன் பிரித்துவிடுவார், போனையும் பார்ப்பார். கெட்ட எண்ணம் இல்லை, அவர் பழக்கம் அப்படி. கடை முதலாளியம்மா என் கையில்தான் கொடுப்பார். இதைக்கூட மூக்குக்கண்ணாடி ஃப்ரேமுக்குத் திருகாணி முடுக்கும் மேஜையில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில்தான் எழுதுகிறேன்.

அவளால் உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. ஏதாவது உளறினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஏழு வயதில் பிள்ளைகள் இல்லாததையும் பொல்லாததையும் சொல்லும்.

உன் அண்ணி

மே 15

அண்ணிக்கு,

ஒரு அலமாரிக் கண்ணாடி மாற்ற முழு விடுமுறையும் வேண்டுமா என்று இவர் கேட்கிறார். "உங்க வேலையப் பாருங்க" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். ஆனால் எனக்கும் அதே கேள்விதான்.

தொந்தரவு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் அண்ணி தொந்தரவு! சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாள். எது கேட்டாலும் "சரி அத்தை". இவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் தண்ணீர் டம்ளரோடு ஓடிப்போய் அவர் முகத்தை அண்ணாந்து பார்க்கிறாள். இவருக்குக் கூச்சத்தில் தண்ணீரே இறங்குவதில்லை.

அன்றைக்கு என் கை தவறி ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. நான் துடைப்பம் எடுப்பதற்குள் தவழ்ந்து தவழ்ந்து துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, என் காதோரம் வந்து, "மாமா கேட்டா நான்தான் போட்டேன்னு சொல்லிடுங்க அத்தை. என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள். இந்தக் கணக்கெல்லாம் எந்த வீட்டில் கற்றுக்கொண்டாள்?

மிரண்ட பிள்ளை, அமைதியாக வைத்திருந்தால் தேறிவிடும் என்று நானே முடிவுகட்டி, டி.வி.யை அணைத்தேன். கீழே நம் சோபா பட்டறையில் ஆட்களுக்கு விடுமுறை கொடுத்தேன். இவரைக் குசுகுசுவென்று பேச வைத்தேன். என் வாயை நானே மூடி வைத்திருப்பது உலக அதிசயம், தெருவில் எல்லாரும் உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். ஆனால் அவள் நாளுக்கு நாள் மோசமாகிறாள். படுக்கை நனைகிறது. நேற்று வீடே நிசப்தமாக இருந்தபோது கதவுக்குப் பின்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்கே கிளம்பிட்டே என்றால், "எங்கயும் இல்ல, சும்மா" என்கிறாள்.

சுற்றி வளைக்கத் தெரியாதவள் என்றுதானே எனக்கு ஊசி என்று பெயர் வைத்தீர்கள்? குத்தியே கேட்கிறேன். அண்ணன் உங்கள்மேல் கை நீட்டுகிறானா?

ஊசி

மே 20

ஊசிக்கு,

கேட்கவேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டாய், சந்தோஷம். கல்யாணம் ஆன புதிதில், "எங்க அண்ணன் தங்கம், நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொன்னது எந்த வாய்?

எந்த வீட்டில் சண்டை இல்லை? உன் அண்ணன் குடிப்பதில்லை. சம்பாதிப்பதை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார். தெருவில் போய்க் கேட்டுப் பார், அவர் குரல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கேட்டதில்லை என்பார்கள். அவர் சத்தம் போடும் ஆளே இல்லை. கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் எதிரில் நிற்காமல் இருந்தால் போதும். எனக்குத்தான் சமயத்தில் மூளை வேலை செய்வதில்லை.

இப்போது கடையில் கலர் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். வியாபாரத்துக்கு விளம்பரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் அதே மாதிரி கேட்டு வாங்கிப் போனார்கள்! முதலாளியம்மா என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. சிலருக்கு அந்த நாகரிகம் இருக்கிறது.

பட்டாணிக்கு ஒன்றும் தெரியாது. எது நடந்தாலும் அவளைப் பக்கத்து அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். அவள்மேல் ஒரு துரும்பு விழுந்ததில்லை. படுக்கை நனைவதற்குப் பூச்சி மருந்து கொடு.

அண்ணி

மே 27

அண்ணி,

உங்கள் கடிதத்தில் கடிகாரச் சத்தம் வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். திரும்பத் திரும்ப அதையே படித்தேன். அண்ணி, நான் எவ்வளவு பெரிய முட்டாள்! பிள்ளை எதற்கு நடுங்குகிறதோ அதையே வீடு முழுக்க நிரப்பி வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் அமைதி வந்தால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இங்கேயும் வந்துவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாளே பட்டறையைத் திறந்தேன். "இப்ப மெஷின் போடப் போறேன். டமடமன்னு சத்தம் வரும். யாருக்கும் கோபம் இல்ல. அது காத்தடிக்கிற மெஷின்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கம்ப்ரஸரைப் போட்டேன். ஒரு பெரிய சோபாவுக்கு ரெக்ஸின் இழுத்துப் பிடித்து பின் அடித்துக்கொண்டிருந்தோம். ஆட்கள் ஒருவருக்கொருவர் கத்திக் கத்திப் பேசுகிறார்கள், எனக்கும் பழைய வாய் திரும்பிவிட்டது. அவள் ஸ்பாஞ்ச் குவியலில் ஏறி உட்கார்ந்தாள். சத்தத்துக்கு நடுவில் அப்படியே தூங்கிப்போனாள் அண்ணி. வந்த நாளிலிருந்து அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

பூச்சி மருந்து கொடுக்கவில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆலோசகர் அம்மா ஒருவர் இருக்கிறார், தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு படம் வரைகிறவர். அவள் வரைந்த வீட்டில் பக்கத்து அறைக் கதவுக்குக் கீழே ஒரு கோடு வரைந்து, அதில் இரண்டு கண்ணைப் போட்டிருக்கிறாள். நீங்கள் சாத்திவிட்டுப் போகும் கதவுதான். அதற்குமேல் நான் எழுத வேண்டாம்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "உங்கப்பன் செஞ்சது தப்பு, அவன் மோசம்" என்று அவளிடம் பொரிந்து தள்ளியிருந்தேன். உடனே, "அப்பா நல்லவங்க. நான்தான் அன்னைக்குப் பென்சில் பாக்ஸைக் கீழ போட்டேன், அதனாலதான்" என்று அழுதாள். ஆலோசகர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது எனக்கு நல்ல திட்டு விழுந்தது. அவளுக்கு அவன் அப்பா. அவனைத் திட்டினால் அவளுக்கும் சேர்த்து வலிக்குமாம். துருவித் துருவிக் கேட்கவும் கூடாது, அவளாகச் சொல்லும்போது வேலையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். "அடிக்கிறது தப்பு. அது உன்னால வரல. உன்னால நிறுத்தவும் முடியாது. அது பெரியவங்க வேலை" என்று அவளுக்குப் புரியும் வரை சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார். தினமும் தலை வாரும்போது சொல்கிறேன். காதில் வாங்காத மாதிரி இருக்கிறாள். ஆனால் நான் மறந்த அன்று சீப்பை நீட்டிக்கொண்டு நின்றாள்.

அதனால் கேளுங்கள். இவளை நான் திருப்பி அனுப்பப் போவதில்லை. அண்ணன் வந்து குதித்தாலும் அனுப்ப மாட்டேன். நீங்களும் கிளம்பி வந்துவிடுங்கள். மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் வாருங்கள்.

ஊசி

ஜூன் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

இங்கு அனைவரும் நலம். நலமறிய ஆவல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வந்து குழந்தையை அழைத்துச் செல்கிறோம். அவளுடைய துணிமணிகளை எடுத்துத் தயாராக வைக்கவும். எங்கள் குடும்ப விஷயத்தில் வெளியாட்களைச் சேர்ப்பது நல்லதல்ல. குழந்தையை இனி எந்த மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்ல வேண்டாம்.

கடை முகவரிக்கு இனிமேல் எழுத வேண்டாம். வீட்டு முகவரிக்கே எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணி

ஜூன் 8

அண்ணி,

உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்றை ரிப்பேருக்கு என்று உங்கள் முதலாளியம்மா பெயருக்கு அனுப்புகிறேன். கண்ணாடிக் கூட்டுக்குள் துணிக்கு அடியில் இது இருக்கும். படித்துவிட்டுக் கடையிலேயே கிழித்துவிடுங்கள்.

என் கடிதம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று உங்கள் பதிலைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நீங்கள் என்னை நாத்தனார் என்று எழுதியதே கிடையாது. நான் எழுதியதற்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தீர்கள், அந்த வெயிலில்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். பிள்ளை அழும், என் சேலையைப் பிடித்துக்கொள்ளும், அதைக் காட்டியே அண்ணனை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். "அப்பா!" என்று ஓடிப்போய் மடியில் உட்கார்ந்தாள். கதை சொன்னாள், பாட்டுப் பாடினாள், அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். "வீட்டுக்குப் போகலாம்ப்பா, எனக்கு அங்கதான் பிடிக்கும்" என்றாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான், இப்ப என்ன சொல்றே என்கிற மாதிரி. அவள் துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனேன். எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாளே?

நீங்கள் பார்க்காத ஒன்று உண்டு. உள்ளே அவளுக்குச் செருப்பு வார் மாட்டிவிடும்போது, "ஏன்டி கண்ணு, உனக்கு இங்க பிடிக்கலையா?" என்றேன். வாசலைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "பிடிக்கும் அத்தை. ஆனா அம்மாவுக்கு அப்பாவைச் சிரிக்க வைக்கத் தெரியல. எனக்குத் தெரியும். நான் இல்லாததாலதான் அம்மா கை வீங்கிப்போச்சு."

அண்ணி, உங்களுக்குக் காவல் இருக்கத்தான் அவள் திரும்பி வந்திருக்கிறாள்.

ஆலோசகர் அம்மாவிடம் ஓடினேன். என் வீட்டுக்கு வாருங்கள் என்று நான் எழுதியதே தப்பு என்றார். அவன் முதலில் தேடி வரும் இடம் இதுதானே, எனக்கு அது தோன்றவே இல்லை. கிளம்புவதாகத் தெரிந்தால் இப்படி அடிக்கிறவர்களுக்குக் கோபம் இன்னும் மூர்க்கமாகுமாம், அதனால் முன்கூட்டி யாரிடமும் மூச்சு விடக் கூடாது. தாயும் பிள்ளையும் தங்குவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள், முகவரி வெளியே தெரியாது. அவருடைய நம்பரைக் கூட்டின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் போனிலிருந்து பேசாதீர்கள், முதலாளியம்மா போனிலிருந்து பேசுங்கள். எப்போது, எப்படி என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அவசரப்படுத்தாதே என்று எனக்குக் கட்டளை. ஆகவே அவசரப்படுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஊசி

ஜூன் 12

ஊசி,

கூட்டை முதலாளியம்மா என் கையில் கொடுத்து, "இந்த ரிப்பேரை நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தாரா தெரியாது. அவருடைய போன் இப்போதெல்லாம் என் மேஜையிலேயே கிடக்கிறது.

உன் பழைய கடிதத்தை நான் படிக்கவில்லை, கேட்டேன். முதலாளியம்மா இல்லாத நேரத்தில் உன் அண்ணன் கடைக்கே வந்து, கடைப் பையனிடம் அதை வாங்கிப் போய், என்னை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். குரலை உயர்த்தவே இல்லை. அடுத்து வந்த கடிதம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது. உன்னைச் சபித்தேன். இப்போது சொல்கிறேன், மனதார சபித்தேன்.

உன் வீட்டில் அவள் சிரித்தபோதே எனக்கு என்னவோ செய்தது. எங்கேயோ பார்த்த சிரிப்பு. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சாப்பாட்டில் உப்பு கூடிப்போயிற்று. அவர் ஒரு வாய் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். நான் சிரித்தேன், "கை தவறிடுச்சுங்க" என்றேன். திரும்பினால் அவளும் அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உதடு மட்டும் விரியும், கண் அவர் கையிலேயே இருக்கும். ஊசி, அது என் சிரிப்பு. இத்தனை வருஷமாக நான் பாடம் பண்ணிய சிரிப்பை அப்படியே வாங்கி மாட்டியிருக்கிறாள்.

எழுந்து என்னிடம் வந்தாள். "அம்மா, நீ உள்ள போ. நான் பாத்துக்கறேன்" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. போய் அவர் தோளில் தொங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவர் சிரித்துவிட்டார். எனக்கு அன்றைக்கு அடி விழவில்லை.

நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று, அப்பாடா என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கொன்றுவிட்டது. என் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் நிற்கிறேன்! ஒரு துரும்பு அவள்மேல் விழவில்லை என்று உனக்கு எழுதினேனே, என் கையை ஒடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அவளைக் கொண்டுபோய் விடுவது எப்போதும் நான்தான். வகுப்பு டீச்சரிடம் பேசிவிட்டேன். ஆலோசகர் அம்மாவின் ஆள் பள்ளிக்கே வண்டியோடு வருவார். பட்டாணிக்கு இன்னும் சொல்லவில்லை, ரகசியத்தைச் சுமக்க வைக்காதீர்கள் என்றார் அந்த அம்மா. வண்டியில் ஏறியதும் உண்மையைச் சொல்வேன்.

உன் அண்ணன் உன்னிடம்தான் வருவார். அழுவார். அவர் அழுதால் நீ தாங்க மாட்டாய், எனக்குத் தெரியும். என்னாலேயே தாங்க முடிந்ததில்லை. நீ என்ன செய்வாயோ என்றுதான் எனக்கு இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அண்ணி

ஜூன் 21

அண்ணி,

ஆலோசகர் அம்மா கையில் கொடுத்தால் உங்களிடம் சேருமாம். எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார், நல்லது.

அண்ணன் வந்தான். மாடிவரை தேடிவிட்டுப் பட்டறைக்கு வந்து, துணி உரித்துப் போட்டிருந்த சோபாவில், வெறும் ஸ்பிரிங்கின்மேல் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த அமைதியில் எனக்கும் செருப்பை மாட்டிக்கொள்ளத் தோன்றியது அண்ணி. கூடப்பிறந்த எனக்கே! ஆட்களைப் போகாதீர்கள் என்று கண்ணால் சொல்லிவிட்டு நின்றேன்.

பிறகு அழுதான். "நான் என்னடி பண்ணினேன்?" என்றான்.

"அடிச்சே. அதைத்தான் பண்ணினே" என்றேன்.

"எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லு."

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். உன்னை மாதிரி ஆளுங்களுக்கும் டாக்டர் இருக்காங்க. முதல்ல அங்க போ. பேச்செல்லாம் அப்புறம்."

எழுந்து போய்விட்டான். செருப்பைக் கூட மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனான். எனக்கு சைக்கிள் கற்றுக் கொடுத்தவன் அவன். பின்னாலேயே ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் விடமாட்டேன் என்று கத்துவான். அவன் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை. அதன்பிறகு கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

அவன்மேல் எனக்கு இன்னும் பாசம் இருக்கிறது. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் அதுதான் நிஜம். ஆனால் பட்டாணி இருக்கும் இடம் என் வாயிலிருந்து வராது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

அவள் எப்படி இருக்கிறாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஊசி

ஜூலை 10

என் ஊசிக்கு,

ஒரே அறை. சமையலறை எல்லாருக்கும் பொது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். முதலாளியம்மா தன் தோழி கடையில் வேலைக்குச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் போகிறேன்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். படுக்கை இன்னும் சில நாள் நனைகிறது. அப்பா எங்கே என்று கேட்கிறாள். "அப்பாவுக்குக் கோபத்தை அடக்கத் தெரியல, கத்துக்கிற வரைக்கும் நாம தள்ளி இருக்கோம்" என்று சொல்கிறேன். அப்பா தனியாகச் சாப்பிடுவாரே என்று அழுதாள், அழவிட்டேன். முதல் நாட்களில் இங்குள்ள பெண்கள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எவ்வளவு நல்ல பிள்ளை என்றார்கள். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

இன்று காலை நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். பள்ளிக்குச் சட்டை எடுத்து வைத்தேன். பார்த்தாள், ஒரு நிமிஷம் நின்றாள். திடீரென்று, "எனக்கு இது வேண்டாம்! நீ மோசமான அம்மா! உனக்கு ஒண்ணுமே தெரியாது!" என்று கத்தி, சட்டையைச் சுருட்டி எறிந்தாள். அது போய்த் தண்ணீர் வாளியில் விழுந்தது.

அந்தக் குரல் எனக்கு என்ன செய்தது என்று உனக்குச் சொன்னால் புரியும். என் கை தானாக முகத்தை மறைத்துக்கொண்டது, ஊசி. ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்னால்! விரல் இடுக்கில் பார்த்தால், அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், கண் என் கையிலேயே இருக்கிறது. நான் பயந்ததை அவள் பார்த்தாள், அவள் பயந்ததை நான் பார்த்தேன்.

மெதுவாகக் கையை இறக்கினேன். "சட்டை பிடிக்கலைன்னா வேற போட்டுக்கோ. கோபம் வரலாம். ஆனா எறியக் கூடாது. போய் எடுத்துப் பிழிஞ்சு வை" என்றேன்.

போய் எடுத்தாள், பிழிந்தாள், கொடியில் போட்டாள். அப்புறமும் போகாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான்டி."

நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு சட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டே, இதுக்கும் பொத்தான் இல்லை, இந்த வீட்டில் ஒன்றுமே சரியில்லை என்று உரக்கக் கத்தினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். "அம்மா, எனக்கு நேரமாச்சு, சீக்கிரம் வா!" என்று மறுபடியும் ஒரு அதட்டல். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.

அண்ணி